ஆடிக் காற்றில் பழகுங்கள்: கடல் திட்டில் ஃப்ளை தூண்டில் போட முதல் பாடம்

செஷல்ஸ் நாட்டின் அல்ஃபோன்ஸ் தீவில், ஆழமில்லாத மணல் திட்டில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிறக் கடல் மீனை ஃப்ளை தூண்டிலால் பிடிக்கும் ஆசை உங்களுக்கு வந்துவிட்டதா? டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், வீசிப் பழக பெங்களூரில் ஒரு புல்தரையைத் தேடுங்கள். எனக்கு அல்சூர் பக்கம் ஒரு மைதானம் கிடைத்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கிரிக்கெட் மட்டையோடு பிள்ளைகள் வருவதற்குள் ஒரு மணி நேரம் பழகிவிடலாம்.

முதலில் கருவிகள். 9 அடி நீளமுள்ள, 8-ஆம் எண் கோல் போன்ஃபிஷுக்குச் சரியானது. எண் கூடக்கூட, கோலும் அதற்கேற்ற லைனும் (வீசும் தடித்த கயிறு) கனமாகும். நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக வாங்குங்கள். ஜயன்ட் டிரெவலி எனப்படும் பெரும்பாறை மீனுக்கு 12-ஆம் எண் கோல் வேண்டும். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லைன் வாங்கும்போது வெப்பமண்டலக் கடலுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். குளிர்நாட்டு லைன் அங்குள்ள வெயிலில் குழைந்துவிடும்.

இப்போது வீச்சு. ஊரில் நாம் தூண்டில் வீசும்போது ஈயக்குண்டு முன்னே பறந்து நரம்பை இழுத்துச் செல்லும். ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய இறகும் மயிரும்தான். அதற்கு எடை மிகக் குறைவு. இங்கே எடை தடித்த லைனில் இருக்கிறது. அதனால் தோள் பலம் உதவாது, பொறுமைதான் உதவும். கோலைப் பின்னால் கொண்டுபோங்கள். கட்டைவிரல் காதருகே வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். லைன் முதுகுக்குப் பின்னால் நீண்டு விரியும் வரை காத்திருந்து, பிறகு முன்னே தள்ளுங்கள். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கியதுபோல் ‘படார்’ என்று கேட்கும். கடலில் அந்தச் சத்தம் கேட்டால் ஃப்ளை அறுந்துபோயிருக்கக்கூடும். பழகும்போது முள் வேண்டாம், நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல் போதும்.

பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு தாம்பாளத்தை வையுங்கள். இரண்டு முறை காற்றில் ஆட்டி, மூன்றாவதில் நூல் அதனருகே விழ வேண்டும். அது கைவந்ததும் காற்றுக்கு எதிரே திரும்பி நின்று வீசுங்கள். அம்மியும் பறக்கும் ஆடி மாதத்தை வீணாக்காதீர்கள். தீவில் காற்று ஓய்ந்த நாள் அரிது. படகின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்துத்தான் வழிகாட்டி திசை சொல்வார் என்பதால், வீட்டில் ஒருவரை அப்படியே கூவச் சொல்லுங்கள். என் மகள் “அப்பா, பத்து மணி, பன்னிரண்டு மீட்டர்!” என்று கத்துவாள். திரும்பி வீச எனக்குச் சில விநாடிகள்தான். மீனும் அதற்குமேல் அவகாசம் தராது.

அடுத்த பாடம்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. நான் குளித்தலையில் காவிரிக்கரையில் வளர்ந்தவன். தக்கை முங்கியதும் கோலை மேலே சுண்ட வேண்டும் என்பது எட்டு வயதிலேயே மணிக்கட்டில் பதிந்துவிட்டது. அல்ஃபோன்ஸ் பக்கத்திலுள்ள செயின்ட் ஃபிரான்சுவா திட்டில் என் முதல் போன்ஃபிஷ் ஃப்ளையைக் கவ்வியதும் அதே கை மேலே போனது. ஃப்ளை அதன் வாயிலிருந்து கழன்று தண்ணீருக்கு மேலே வந்தது, மீன் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்ய வேண்டியது இதுதான்: கோல் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தியே வைத்து, இடது கையால் லைனை நீளமாக இழுக்க வேண்டும். முள் குத்திய பிறகே கோல் உயரலாம். இதையும் மைதானத்திலேயே பழகலாம். லைன் நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று இழுக்கட்டும். வலது கை அசையக் கூடாது. நூறு முறை செய்யுங்கள். அதன் பிறகும் செய்யுங்கள்.

பயண ஏற்பாடு சுலபம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். அக்டோபருக்குப் பிறகு போங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், இணையத்தில் பயண அனுமதி பெற்றால் போதும். மாஹே தீவிலிருந்து அல்ஃபோன்ஸுக்குச் சிறு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

திட்டில் இறங்கியதும் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். நீரின் கூசும் ஒளியைத் தடுக்கும் செம்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. நீர்ப்பரப்பைப் பார்க்காதீர்கள், அடிமணலைப் பாருங்கள். போன்ஃபிஷின் உடல் கண்ணாடிபோல் மணலின் நிறத்தையே காட்டும். அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். நீர் ஏறும் நேரத்தில் அவை நண்டும் இறாலும் தேடித் திட்டுக்குள் வரும். மீனுக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னே ஃப்ளையைப் போட்டு, அடியில் இறங்கவிட்டு, சிறிது சிறிதாக இழுங்கள்.

மாட்டியதும் அது ஓடும் ஓட்டத்தில் ரீல் அலறும். லைனை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்களா என்று உடனே காலடியைப் பாருங்கள். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தால் எளிதில் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடியுங்கள். களைத்த மீனைத் தேடிச் சுறாக்குட்டிகள் வருவதுண்டு. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அது தானாக உதறிக்கொண்டு கிளம்பும் வரை வயிற்றுக்கடியில் கையை வைத்திருங்கள்.