சிஎன்சி ஷீல்டுக்கு எத்தனை வோல்ட் பவர் சப்ளை?

கணினிக் கட்டுப்பாட்டு (சிஎன்சி) இயந்திரங்களின் ஸ்டெப்பர் மோட்டார்களை இயக்க, அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் மேல் பொருத்தும் சிஎன்சி ஷீல்டு வி3 பலகைக்கு 12 முதல் 36 வோல்ட் வரை தரலாம் என்று சொல்லப்பட்டாலும், உண்மையான வரம்பைத் தீர்மானிப்பது அதில் செருகப்படும் டிரைவர்தான், அதாவது மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் சிறு பலகைதான். ஏ4988 டிரைவர் சிப்பின் உச்சவரம்பு 35 வோல்ட். டிஆர்வி8825 சிப்புக்கு 45 வோல்ட். ஆகவே, ஏ4988 வைத்திருப்பவர்கள் 36 வோல்ட் சப்ளையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

மோட்டாரின் லேபிளில் 2.8 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் அதைவிடக் கூடுதல் வோல்ட் தரத் தயங்குகிறார்கள். டிரைவர் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி, அதிலுள்ள சிறு திருகில் நாம் வைத்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதால், சுருள் எரிந்துவிடாது; மாறாக, வோல்ட் கூடும்போது சுருளில் மின்னோட்டம் விரைந்து ஏறுவதால், வேகமான ஓட்டத்தில் ஸ்டெப் (மோட்டார் நகரும் ஒவ்வொரு சிறு அடி) தவறுவது குறையும். 12 வோல்ட்டிலும் இயந்திரம் ஓடும். வேகத்தைக் கூட்டினால்தான் இழுவை குறைவது தெரியும். என் தேர்வு 24 வோல்ட்: மோட்டார் சட்டென்று நிற்கும்போது திரும்பி வரும் மின்னழுத்தத்தைத் தாங்கவும் டிரைவரின் உச்சவரம்பு வரை அதில் போதிய இடைவெளி இருக்கிறது.

புதிய சப்ளையாக இருந்தாலும், இணைப்பதற்கு முன் அதன் வெளியீட்டு வோல்ட்டையும் பிளஸ், மைனஸ் முனைகளையும் மல்டிமீட்டரில் சரிபார்த்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினால், எந்த வோல்ட்டாக இருந்தாலும் டிரைவர் போய்விடக்கூடும்.