பழைய காரில் துருவேறிய போல்ட்டை முறிக்காமல் கழற்றுவது எப்படி?

பழைய காரில் நம்மை அழவைப்பது பழுதான பாகமல்ல, அதைப் பிடித்திருக்கும் போல்ட். ஷாக் அப்சார்பர் மாற்றுவது அரை நாள் வேலை. கீழ் போல்ட் துருவில் இறுகிவிட்டால் இரண்டு நாளும் போதாது.

அதனால் வேலையை முந்தின இரவே தொடங்குங்கள். கம்பி பிரஷால் வெளியே தெரியும் மரையை நன்றாகத் தேய்த்தபின் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சேற்றோடு விட்டால் சேறுதான் அதைக் குடிக்கும். சில மணி நேரம் விட்டு விட்டு மூன்று தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் போல்ட் தலையில் சுத்தியால் நாலு தட்டுத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும்.

மறுநாள் வண்டியை ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியில்) நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். நீளமான கம்பி போட்டு இழுக்கும் வேகத்தில் ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டி சரிந்துவிடும்.

12 முனை ரிங் ஸ்பேனர் தேய்ந்த தலையை மழுக்கிவிடும்; 6 முனை சாக்கெட்தான் சரி. முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தால் நல்லது. சத்தமில்லாமல் ஸ்பேனர் நகர்ந்து, கையைத் தளர்த்தினால் பழைய இடத்துக்கே திரும்புகிறதா? போல்ட் கழலவில்லை, முறுகுகிறது. உடனே நிறுத்துங்கள். பெரும்பாலான போல்ட்டுகள் உடைவது இந்த இடத்தில்தான். கழலத் தொடங்கியபின்னும் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். துருத்தூள் மரைக்குள் ஆப்பாக இறுகும். அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டுத் தொடருங்கள்.

எண்ணெய்க்கு மசியாவிட்டால் சூடு. சூடாக்க வேண்டியது நட்டை. அது விரிந்தால்தான் பிடி தளரும். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பரின் உடல் அருகே நெருப்பே கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தையும் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த வகை சூடுபட்டால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு வரும்.

தலை மழுங்கிவிட்டால், ஓர் அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றுங்கள்: 17 மி.மீ. தலைக்கு 16.

தலையே உடைந்துவிட்டால் சென்டர் பஞ்சால் சரியாக நடுவில் குறியிட்டு, இடப்புறம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல நேரம் துளையிடும்போதே மிச்சம் சுழன்று வந்துவிடும். துளையில் செருகி மிச்சத்தைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அவசரப்பட்டு முறுக்க வேண்டாம். அது மிகக் கடினமான எஃகு, அதனாலேயே எளிதில் உடையும். உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது.

திரும்பப் பூட்டும்போது புதுப் போல்ட் போடுங்கள். தலையில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் வலிமையைக் காட்டும்; 10.9 இருந்த இடத்தில் அதைவிட வலிமை குறைந்த 8.8 போடக் கூடாது. மரையில் துரு தடுக்கும் பசை தடவினால் உராய்வு குறையும். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்கும் முறுக்கு அளவை) அப்படியே வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள்.