குழந்தையின் முதல் ஆண்டு: அளப்பதும் கவனிப்பதும் எழுதி வைப்பதும்

பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமிருந்த குழந்தை, ஓராண்டு முடியும்போது 75 செ.மீ.யைத் தொட்டிருக்கும். எடை மூன்று மடங்காகியிருக்கும். பிறந்த பிறகு இவ்வளவு வேகமாக வளரும் ஆண்டு வேறு கிடையாது. ஆனால் தூக்கம் கெட்ட பெற்றோருக்கு அந்த ஓராண்டு கலங்கலாகவே நினைவில் நிற்கும். ஒரு நோட்டுப் புத்தகமும் வாரத்துக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கினால் அது தெளிவாகப் பதிவாகும். மருத்துவரிடம் பேசும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

எதை அளந்தாலும் ஒரே கருவியால், ஒரே முறையில் அளக்க வேண்டும். ஒரு நாளின் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல மாத எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் குழந்தையின் போக்கு தெரியும்.

எடை

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தை நெருங்கினால், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா, பால் போதுமான அளவு இறங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீட்டுவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்குச் சராசரியாக 25 முதல் 30 கிராம் வரை ஏறும். அடுத்த மூன்று மாதம் அது 15 முதல் 20 கிராமாகும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு 10 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். இந்த வேகம் தானாகக் குறைவதுதான். இது தெரியாமல் ஏழாம், எட்டாம் மாதத்தில் 'பிள்ளை இளைத்துவிட்டது' என்று பதறி, வேண்டாத உணவைத் திணிப்பது பல வீடுகளில் நடக்கிறது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களின் எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். அந்த மெஷின் பெரும்பாலும் 100 கிராம் படிகளில்தான் காட்டும். இரண்டு முறை ஏறுவதால் பிழை இன்னும் கூடும். ஒன்பதாம் மாதத்தில் ஒரு வாரத்தில் ஏறுவதே 70 கிராம்தான் என்பதால், வாராவாரம் இப்படிப் பார்ப்பதில் பொருளில்லை. 10 கிராம் வரை காட்டும் குழந்தை எடைக் கருவியில், கெட்டியான தரையில், உடையும் டயப்பரும் இல்லாமல், பால் கொடுக்கும் முன் பாருங்கள். விரிக்கும் துணியை முதலில் வைத்துக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைப் படுக்க வையுங்கள். பிறந்த எடையை மீட்ட பிறகு, நலமாக உள்ள குழந்தைக்கு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் போதும். நாள்தோறும் பால் போதுமா என்ற கவலைக்கு எடை மெஷினை விட டயப்பர் நல்ல சாட்சி. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் நன்றாக நனைந்தால் பால் போகிறது என்று பொருள்.

நீளமும் தலைச்சுற்றளவும்

நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும். சுவரை ஒட்டிய கெட்டியான, சமமான தளத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் தலையின் உச்சி சுவரில் படும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் பார்வை நேராக மேலே இருக்கட்டும். மற்றவர் முழங்கால்கள் இரண்டையும் மெல்ல அழுத்தி நீட்டி, பாதங்களை நிமிர்த்தி, குதிகாலில் படும்படி கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக வைக்க வேண்டும். சுவரிலிருந்து புத்தகம் வரை அளந்து மில்லிமீட்டர் வரை குறியுங்கள். உடலின் மேல் நாடாவை ஓட்டி அளந்தால் வளைவுகளும் சேர்ந்து நீளம் கூடுதலாகக் காட்டும். கால்விரல் நுனி வரை அளப்பதும் அதே தவறுதான். இரண்டு முறை அளந்து, அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் அளங்கள். இரண்டாம் ஆறு மாதத்தில் மாதம் ஒன்றேகால் செ.மீ. அளவே வளர்வதால், ஒரு செ.மீ. பிழை கிட்டத்தட்ட ஒரு மாத வளர்ச்சியை விழுங்கிவிடும்.

தலைச்சுற்றளவுக்கு இழுபடாத நாடா தேவை. பழகிய துணி நாடா நீண்டிருக்கும்; அதைத் தவிருங்கள். புருவத்துக்குச் சற்று மேலாக, காதுகளுக்கு மேலாகச் சென்று, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி அளந்து, கிடைக்கும் பெரிய எண்ணை எழுதுங்கள். பிறக்கும்போது 34, 35 செ.மீ. இருப்பது ஓராண்டில் 46 செ.மீ. அளவுக்கு வரும்.

வரைபடத்தைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த நலமான குழந்தைகளை வைத்து உருவானவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படம் உண்டு, மாற்றிக் குறித்துவிடாதீர்கள். 15-ஆம் கோட்டில் இருப்பது 15 மதிப்பெண் வாங்கியதாகாது. நலமான நூறு குழந்தைகளில் 15 பேர் இதைவிடக் குறைவான எடையில் இருப்பார்கள் என்பதே அதன் பொருள். ஒரு குழந்தை தன் கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தால், அது எந்தக் கோடாக இருந்தாலும் நல்ல செய்திதான். புள்ளிகள் இரண்டு முக்கியக் கோடுகளைத் தாண்டி இறங்கினாலோ, எடைக்கோடு படுத்துவிட்டாலோ, தலைச்சுற்றளவு வேகமாக ஏறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்தியே புள்ளி வைக்க வேண்டும். முழுக் கர்ப்ப காலம் 40 வாரம் என்பதால், 34 வாரத்தில் பிறந்தால் ஆறு வாரம் முன்கூட்டி. ஆறாம் மாதம் முடியும் நாளில் அதன் திருத்திய வயது நாலரை மாதம். இரண்டு வயது வரை வளர்ச்சிக்கும் திறன்களுக்கும் இந்த வயதையே கொள்ளுங்கள். தடுப்பூசிகள் மட்டும் பிறந்த தேதிப்படிதான்.

எப்போது என்ன செய்யும்

நோட்டின் மறுபக்கம் இதற்குத்தான். பெற்றோர் ஆனதன் மகிழ்ச்சி முக்கால்வாசி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முகம் பார்த்துச் சிரிக்கும் முதல் சிரிப்பு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும். அதைக் காத்திருந்து வாங்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தொலைவில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். அந்தத் தொலைவில் முகத்தை வைத்து ஒரு வாக்கியம் பேசி, பத்து நொடி பேசாமல் இருங்கள். பதில் மெதுவாக வரும்: புருவம் உயரும், வாய் குவியும், கால் உதைக்கும். அதையே அதற்குத் திருப்பிச் செய்துகாட்டுங்கள். பலர் அந்தப் பத்து நொடி பொறுக்காமல் கிலுகிலுப்பையை ஆட்டிவிடுகிறார்கள். குழந்தையின் முறை அதோடு போய்விடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் களைத்துவிட்டது, நிறுத்திவிடுங்கள். நான்காம் மாதம் வாய்விட்டுச் சிரிக்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் மறைத்த பொருளைத் தேடும். முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு அப்போது அதற்கு அலுக்கவே அலுக்காது. அதே சமயம் புதிய முகம் கண்டால் அழும். அதுவும் வளர்ச்சிதான், உறவினர் வருத்தப்படுவார்களே என்று கைமாற்றிவிடாதீர்கள்.

உடல் திறன்களுக்கு ஒரே தேதி கிடையாது. தனியாக உட்கார்வது 4 முதல் 9 மாதம், முட்டியூன்றித் தவழ்வது 5 முதல் பதின்மூன்றரை, தனியாக நடப்பது 8 முதல் பதினேழரை மாதம் வரை இயல்பு. சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும். உதவ நினைத்தால், விழித்திருக்கும்போது கூடவே இருந்து குப்புறப் படுக்க விடுங்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கி, நாள் முழுக்கப் பிரித்து அரை மணி வரை கூட்டலாம். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க, தலையணை இல்லாத கெட்டியான மெத்தையில். சக்கரம் வைத்த வாக்கர் நடையை விரைவாக்காது, விபத்தைத்தான் கூட்டும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

மூன்று மாதம் ஆகியும் சிரிக்காதது, நான்கு மாதம் ஆகியும் தலை நிற்காதது, ஒன்பது மாதம் ஆகியும் 'பா பா', 'மா மா' போன்ற மழலை வராதது, ஓராண்டுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, வந்த திறன் போய்விடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

படமும் ஒலியும்

மாதம் ஒரு படம், ஒரே தேதியில், ஒரே விரிப்பில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். அளவு தெரிய ஒரே பொம்மையை அருகில் வையுங்கள். போனைக் குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள். நழுவினால் நேராக முகத்தில் விழும். படத்தைவிடப் பலர் தவறவிடுவது ஒலி. மூன்றாம் மாதத்தின் 'ங்கா' சில வாரங்களில் மறைந்துவிடும். அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

நோட்டில் தாய்க்கும் ஒரு பத்தி விடுங்கள்: தூங்கிய நேரம், மனநிலை. பிரசவத்துக்குப் பிறகான அழுகையும் சோர்வும் வழக்கமாக இரண்டு வாரத்தில் தணியும். அதற்கு மேல் நீண்டால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தந்தையருக்கும் இந்த நோய் வரும்.

இரண்டாம் ஆண்டிலும் அதே நோட்டைத் தொடரலாம். நீளத்தை இரண்டு வயது வரை படுக்க வைத்தே அளங்கள். நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும்.