டேப்லெட் வாங்கப் போகும்போது பையில் ஒரு ஸ்கேல்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், மாம்பழக்கூழ் டப்பாவுக்கு லேபிள் வரைகிறவர்கள் கவனத்துக்கு. கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் லேப்டாப் என்று வரும் சர்ஃபேஸ் ப்ரோ மாதிரி கருவி வாங்க ஓசூருக்கோ பெங்களூருக்கோ போனால், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் எடுத்துப் போங்கள். ஸ்டீல் வேண்டாம், திரையில் கீறல் விழும்.

கடையில் டெமோவுக்கு வைத்திருப்பதில் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, பேனாவால் ரொம்ப மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் பெரும்பாலும் நேராகத்தான் வரும். மெதுவாக இழுக்கும்போதுதான் சிலவற்றில் கோடு அலை அலையாக நெளியும். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியை ஓரம் பிசகாமல் வெட்டி எடுக்க இந்த நெளிவு பெரிய தொல்லை. பெட்டியில் 4096 அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பிரித்தறியும் படிகள்) என்று போட்டிருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

விலை கேட்கும்போது கீபோர்டு, பேனா இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ரேமைப் பிறகு கூட்ட முடியாது, அதனால் 16 ஜிபிக்குக் குறையவே வேண்டாம். ஸ்னாப்டிராகன் சிப் (வழக்கமான இன்டெல் சிப்பிலிருந்து வேறு வகை) உள்ள மாடல் என்றால், உங்கள் ஆல்பம் சாஃப்ட்வேரும் பிரிண்டர் டிரைவரும் அதில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள். ஐபேட் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: 2024-இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோவில் பழைய இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் வேலை செய்யாது.