காத்திருக்கும் நேரத்தில் பிறருக்கும் பதில் தரும் வலைச்செயலி: ஃபாஸ்ட்ஏபிஐ பழகும் முறை

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் கொழுந்து மூட்டைகளோடு மாலையில் எடை போடும் இடத்தில் கூடும்போது, ஒவ்வொருவரின் எடையையும் கைபேசியில் பதிந்து, அவருக்கு உடனே குறுஞ்செய்தி அனுப்பும் செயலி ஒன்றை நான் எழுதினேன். ஒருவர் மட்டும் பதிந்தபோது அது நன்றாகவே ஓடியது. பதினைந்து பேரின் பதிவுகள் ஒரே நேரத்தில் வந்த முதல் மாலையில், கடைசியாக நின்றவருக்குப் பதில் வர முக்கால் நிமிடம் ஆகிவிட்டது. குறுஞ்செய்திச் சேவை ஒவ்வொரு முறையும் மூன்று நொடி எடுத்துக்கொண்டது; அந்த மூன்று நொடியும் என் நிரல் வேறு எவரையும் கவனிக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் பிற வேலைகளுக்கு வழிவிடக்கூடிய செயற்கூறு என்று குறிக்கும் ஏசிங்க் (async) என்ற சொல்லை எழுதியிருந்தேனே தவிர, அதன் பொருளை அறிந்திருக்கவில்லை.

ஆகவே பைத்தான் நிரல்மொழியில் வலைச்செயலி எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ (FastAPI) என்ற கட்டமைப்பைத் தொடுவதற்கு முன் அவெய்ட் (await) என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள். 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5 பதிப்பில் ஏசிங்க், அவெய்ட் இரண்டும் மொழியின் தொடரமைப்பிலேயே இடம்பெற்றன. வேலைகளை மாறி மாறி ஓட்டும் நிகழ்வுச் சுழற்சி (event loop) ஓர் இழையில் (thread) ஒரே ஆளாக வேலை செய்கிறது. அவெய்ட் வரும் இடத்தில் பதிலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், உங்கள் செயற்கூறு கட்டுப்பாட்டைச் சுழற்சியிடம் திருப்பித் தருகிறது. சுழற்சி அடுத்தவரைக் கவனிக்கிறது. அவெய்ட் இல்லாமல் காத்திருக்கும் ஒவ்வொரு வரியும் எல்லோரையும் நிறுத்திவைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் (pip) மூலம் ஃபாஸ்ட்ஏபிஐ, அதை ஓட்டும் வழங்கியான யுவிகார்ன் (uvicorn) இரண்டையும் நிறுவி, ஏசிங்க் டெஃப் (async def) என்று தொடங்கும் செயற்கூறுகளால் பதில் தரும் இரண்டு முகவரிகளை எழுதுங்கள். முதலாவதில் டைம்.ஸ்லீப் (time.sleep) கொண்டு பத்து நொடி நிறுத்துங்கள். இரண்டாவது உடனே வணக்கம் சொல்லட்டும். முதல் முகவரியைத் திறந்த கையோடு இரண்டாவதைத் திறந்தால் அதுவும் உறைந்து நிற்கும். இப்போது டைம்.ஸ்லீப் இருந்த இடத்தில் பைத்தானின் அசிங்க்ஐஓ (asyncio) நூலகத்தில் உள்ள அவெய்ட் அசிங்க்ஐஓ.ஸ்லீப் என்று மாற்றிப் பாருங்கள். வணக்கம் அந்தக் கணமே வந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மேலே போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து நூலகங்களைக் கவனியுங்கள். என் தவறு, குறுஞ்செய்திச் சேவையை அழைக்க நான் பயன்படுத்திய ரிக்வெஸ்ட்ஸ் (requests) நூலகத்தில் இருந்தது. அது காத்திருக்கும்போது சுழற்சியையும் பிடித்துவைக்கும். அதற்குப் பதிலாக ஹெச்டிடிபிஎக்ஸ் (httpx) நூலகத்தின் ஏசிங்க்கிளையன்டை (AsyncClient) அவெய்ட்டோடு பயன்படுத்தியதும் பதினைந்து பேரின் காத்திருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு அசிங்க்பிஜி (asyncpg) நூலகம் இருக்கிறது. இத்தகைய மாற்று கிடைக்காவிட்டால் ஏசிங்க் இல்லாமல் வெறும் டெஃப் என்று எழுதுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி இழைக்கு அனுப்பிவிடும். அதில் குறைவொன்றுமில்லை. கணக்கீடே கனமாக இருந்தால் மட்டும் இழைகளால் பெரிய பயன் இல்லை, தனியாக ஓடும் வேறு செயல்முறைக்குத்தான் (process) மாற்ற வேண்டும்.

ஒன்றையொன்று சாராத வேலைகளை அசிங்க்ஐஓ.கேதர் (asyncio.gather) மூலம் சேர்த்து ஓட்டலாம்: இரண்டு, மூன்று, நான்கு நொடி காத்திருக்கும் மூன்று வேலைகள் ஒன்பதுக்குப் பதில் ஏறத்தாழ நான்கே நொடியில் முடியும். மேகம் இறங்கினால் சிக்னல் மெலிந்துவிடும் எங்கள் மலையில், வெளிச் சேவையை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் கால வரம்பு வைப்பதும் கட்டாயம்.

வேகம் குறைந்தால் அசிங்க்ஐஓவின் பிழைதேடும் நிலையை (debug mode) இயக்குங்கள். நூறு மில்லிநொடிக்கு மேல் சுழற்சியைப் பிடித்துவைத்த வேலை எது என்று அது பதிவேட்டில் எழுதிவிடும்.