தூரிகை சொன்ன நிறத்தைத் தீட்ட மறுத்தால்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டின்போது எடுத்த படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, அலங்கார வளைவின் மங்கிய மூலைக்குச் சிவப்பேற்ற முயன்றேன். நிறக் கட்டத்தில் சாம்பல்தான் நின்றது, தீட்டிய இடத்தில் படமே பாதி மறைந்தது. லேயரின் (படத்தின் ஓர் அடுக்கின்) சிறுபடத்துக்குப் பதிலாக அதன் பக்கத்திலுள்ள மாஸ்க் (அடுக்கின் பகுதிகளை மறைக்கும் திரை) தேர்வாகியிருந்ததே காரணம். மாஸ்க் கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவற்றை மட்டுமே ஏற்கும் என்பதால், சிறுபடத்தை ஒருமுறை சொடுக்கினால் நிறம் திரும்பிவிடும்.

சிறுபடமே தேர்வாகியிருந்தும் சாம்பல் வந்தால், கோப்பு சாம்பல் சாயல்களை மட்டுமே கொண்ட கிரேஸ்கேல் முறையில் இருக்கலாம். இமேஜ் பட்டியலில் மோட் என்பதற்குள் சென்று வண்ண முறையான ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

தூரிகை தீட்டவே இல்லையெனில், கண்ணுக்குப் படாத சிறு தேர்வுப் பகுதி (தூரிகை அதற்குள் மட்டுமே தீட்டும்) ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என ஐயுற்று, கன்ட்ரோலுடன் டி விசையை அழுத்தி அதை நீக்கிப் பாருங்கள். தூரிகை கையிலிருக்கும்போது தவறுதலாக 1 என்ற எண் விசையைத் தட்டினாலும் ஒபாசிட்டி, அதாவது தீட்டும் நிறத்தின் அடர்த்தி, 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் (என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான்). 0 விசை அதை 100க்கு மீட்கும். தூரிகையின் வட்டம் கூட்டல்குறி போலாகிவிட்டால், கேப்ஸ் லாக்கை அணைத்தால் போதும்.