வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிப்பது எப்படி? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு

தளத்தைத் திறப்பது, பாஸ்வேர்டு அடிப்பது எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பழைய அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கடைசியாக முடித்த படிப்பின் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போனில் செய்யாதீர்கள், கம்ப்யூட்டரில் செய்யுங்கள். பிரவுசிங் சென்டருக்குப் போவதாக இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனியுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிட்டால் பிறகு வரும் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

முதல் படி, மாநில வேலைவாய்ப்புத் துறையின் தளத்தில் நுழைவது. பாதிப் பேர் இங்கேதான் திரும்பிவிடுகிறார்கள். யூசர் ஐடி என்று கேட்கும் இடத்தில் உங்கள் பதிவு எண்ணைத்தான் போட வேண்டும். ஆனால் பழைய அட்டையில் கையால் எழுதிய எண்ணை அப்படியே அடித்தால் தளம் ஏற்காது, 16 இடங்களாக விரித்து எழுத வேண்டும். முதல் மூன்று இடம் மாவட்டக் குறியீடு, அடுத்த நான்கு இடம் பதிவு செய்த ஆண்டு. அதன்பின் ஆணுக்கு 'எம்', பெண்ணுக்கு 'எஃப்' என்று ஓர் ஆங்கில எழுத்து. மீதி எட்டு இடமும் எண். அட்டையில் 4318 என்று மட்டும் இருந்தால் முன்னால் நான்கு பூஜ்ஜியம் சேர்த்து 00004318 ஆக்குங்கள். 952 என்றால் ஐந்து பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தை அடித்துவிட்டு 'தளம் வேலை செய்யவில்லை' என்று திட்டுபவர்கள் நிறையப் பேர். ஒரு தாளில் 16 கட்டம் போட்டு எழுதிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

பாஸ்வேர்டு என்பது உங்கள் பிறந்த தேதிதான்; நாள், மாதம், ஆண்டு வரிசையில், நடுவில் சாய்கோடு போட்டு. அதையும் ஏற்கவில்லை என்றால், பதிவில் இருக்கும் தேதி வேறாக இருக்கலாம். அதை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான் சரிசெய்ய முடியும். அசல் சான்றிதழோடு போங்கள்.

உள்ளே போனதும் புதுப்பித்தலை அழுத்தி, புதிய அட்டையை பிடிஎஃப் ஆக இறக்கி உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கெடு 2026 ஜூன் என்றால், விட்டுப்போனாலும் அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 டிசம்பர் வரை அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் சீனியாரிட்டி (பதிவு மூப்பு) போய்விடும். ஆனால் உடனே புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு. இப்போது ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கூடுதல் படிப்பைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. டிகிரியின் சீனியாரிட்டி, அதைப் பதிவில் ஏற்றிய நாளிலிருந்துதான் ஓடும், முடித்த நாளிலிருந்து அல்ல. பி.இ. போன்ற தொழிற்படிப்பும் முதுகலையும் மாவட்ட அலுவலகத்தின் கணக்கில் வராது. நம் பக்கத்துக்காரர்கள் அவற்றைச் சென்னையில் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலூர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது வீண்.

மாவட்டப் பிரிப்புக் குழப்பம் பற்றிப் பலரும் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போயின. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு வேலூரிலேயே தங்கின. அட்டையில் 'வேலூர் மாவட்டம்' என்று இருக்கிறதே என்று பயந்து இரண்டாவது பதிவு போடாதீர்கள். பழைய சீனியாரிட்டிக்கும் புதியதற்கும் சம்பந்தம் இருக்காது. ரேஷன் கார்டு முகவரியைக் காட்டி, இருக்கும் பதிவையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பதிந்து ஐந்து ஆண்டு முடிந்தும் வேலை இல்லை, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாதத்துக்குப் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். வயது 40-க்குள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பஸ் காசுக்கு ஆகும், அவ்வளவுதான். நடுவில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

அட்டையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. அதே துறை நடத்தும் தனியார் வேலை இணையத்திலும் பதிந்துவையுங்கள், இலவசம்தான். மாவட்ட அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சி வகுப்பும் காசில்லாமல் கிடைக்கிறது. வெளியே ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு வாரம் போய்ப் பாருங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பயோடேட்டா எழுதும்போது 'அனுபவம் 4 வருடம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளிக்கிங்கா (தோல் வெட்டுவது), ஸ்கைவிங்கா (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), ஸ்டிச்சிங்கா (தைப்பது), லாஸ்டிங்கா (மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்துவது)? ஸ்டிச்சிங் என்றால் ஃபிளாட் பெட் (தட்டையான தளம் உள்ள) மெஷினா, போஸ்ட் பெட்டா (தூண் போல உயர்ந்த தளம் உள்ளதா)? சூப்பர்வைசர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். பழைய கம்பெனி அனுபவச் சான்று தராமல் இழுத்தடித்தால், பி.எஃப். தளத்தில் யுஏஎன் எண்ணை (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) போட்டு சர்வீஸ் ஹிஸ்டரியைப் பிரிண்ட் எடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அதில் இருக்கும். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து அதே தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.